பெல்ட்டின் அடியில் ஒரு தேதி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிற ஆள் அவர். விற்கிறவன் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பான். இவர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் கதவைத் திறந்து, முன்சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்து, தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றால் எத்தனை பாட்டில் செண்ட் அடித்தாலும் அந்தச் சேற்று வாடை அவர் மூக்குக்குத் தப்பாது. அப்படித்தான் அவருக்கு ‘மோப்பக்காரர்’ என்று பெயர் வந்தது. புதிதாக வந்த தபால்காரர்கூட, “மோப்பக்காரர் வீடு இதானே?” என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் நிஜமாகவே தபால்காரர்தானா என்று இவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம், பல் டாக்டர் வாய்க்குள் விடுவது போன்ற ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு டார்ச், ஒரு நோட்டு. தொழிலுக்கு இவ்வளவுதான் மூலதனம். நசுங்கிய இடத்தைப் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி வைத்து மூடியிருந்தால் காந்தம் அங்கே ஒட்டாமல் நழுவும். கதவைக் கழற்றி மாட்டியிருந்தால் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கும். சீட் பெல்ட்டின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டி, ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். அதில் அந்த பெல்ட்டைச் செய்த மாதமும் வருஷமும் இருக்கும். வண்டியைவிட பெல்ட்டுக்கு வயது குறைவு என்றால் அந்த வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது. எந்தப் பக்கத்து பெல்ட் புதிதோ, அந்தப் பக்கம்தான் அடி விழுந்திருக்கிறது, அப்போது அங்கே ஆள் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்.

“ஆளைக் கேக்காதே, வண்டியைக் கேளு. ஆளு பொய் சொல்லுவான், போல்ட் சொல்லாது.” இதுதான் அவருடைய வேதம். முப்பது வருஷமாக அந்த வேதம் அவரைக் கைவிட்டதில்லை என்பதும் உண்மை.

தொல்லை என்னவென்றால், வேலை முடிந்ததும் காந்தத்தைப் பையில் போடுகிற மனிதருக்குச் சந்தேகத்தைப் பையில் போடத் தெரியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தானாகவே வந்து, “அப்பா, உங்க டார்ச்சைக் கீழே போட்டு ஒடச்சிட்டேன்” என்றாள். வேறு அப்பனாக இருந்தால் ஒரு திட்டு திட்டி அதோடு விட்டிருப்பான். இவர், “சரி, வேற என்ன?” என்றார். வேறு ஒன்றுமில்லை என்றாள். பகலில் டார்ச் எதற்கு, எங்கே போனாய், யாரோடு போனாய் என்று பதினோரு நாள் விசாரணை நடந்தது. கட்டிலுக்கு அடியில் விழுந்த தோட்டைத் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான். தானாக வந்து சொன்னதற்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பரிசு இது.

இனி அந்தக் கொரியக் கம்பெனிக்கு வருவோம். பெயர் எதற்கு? அவர் அதை ‘அந்தக் கொரியாக்காரன்’ என்று ஒருமையில்தான் சொல்வார், ஏதோ பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறவனைப் போல.

அவன் கார் முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தபோது இவர் இந்தத் தொழிலோடு ஒரு பட்டறையில் ஸ்பானரும் பிடித்துக்கொண்டிருந்தார். தவளைக் கண் வைத்தது போல ஒரு குட்டிக் கார். ஷோரூமில் கொடுத்த வழுவழுப்பான புத்தகத்தில் கம்பெனியின் கதை போட்டிருந்தது: முதலில் மற்றவர்களின் லாரிகளைப் பழுது பார்த்தார்களாம், பிறகு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கார் பூட்டிக் கொடுத்தார்களாம், பிறகு சொந்தமாகச் செய்தார்களாம். இவர் புத்தகத்தைக் கடைசி வரி வரை படித்தார். அந்தச் சொந்தக் காருக்கு இன்ஜின் ஒரு நாட்டிலிருந்து, வடிவம் வரைந்தவன் வேறொரு நாட்டிலிருந்து. “ஊரான் வீட்டு அரிசி, ஊரான் வீட்டு அடுப்பு. இவன் சமைச்சேன்னு சொல்றான்” என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் சிரித்ததில் தப்பில்லை. ஒரு பாட்டு டீச்சர் வாங்கிய வண்டியில் மூன்றாம் வருஷமே கதவுக்கு அடியில் துரு பிடித்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. ஆனால் வருஷங்கள் போகப் போக அந்தக் கொரியாக்காரன் திருந்திக்கொண்டே வந்தான். இவர்தான் திருந்தவில்லை. அவன் நீண்ட வாரண்டி கொடுக்க ஆரம்பித்தபோது, “நல்ல சரக்குக்கு எதுக்குய்யா இத்தனை வருஷம் வாரண்டி? மடியில கனம் இருக்கு” என்றார். ஒரு டாக்ஸிக்காரர் தன் கொரியக் காரைக் கொண்டுவந்து காட்டி, நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்னும் இன்ஜினைத் திறக்கவே இல்லை என்று பெருமைப்பட்டார். மோப்பக்காரர் மீட்டரை ரொம்ப நேரம் பார்த்தார். “யாரோ ஏத்தி வச்சிருக்காங்க” என்றார். மீட்டரைக் குறைக்கிறவன் உலகமெங்கும் உண்டு. ஏற்றுகிறவனை இவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கம்பெனி ஒருமுறை தன் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டது. உங்கள் வண்டியில் ஒரு பாகம் சரியில்லை, தப்பு எங்களுடையது, கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. ‘ரீகால்’ என்பார்கள். கடிதத்தைக் கொண்டுவந்த மனிதர் நெகிழ்ந்துபோயிருந்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தானா வந்து தப்பை ஒத்துக்கிறவன், அதைவிடப் பெருசா எதையோ மறைக்கிறான்.” இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மகள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை கல்யாண வருஷத்திலேயே புதிதாக வாங்கி வந்தது கொரியக் கார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், ஆறடி உயரம், அதிர்ந்து பேசாத பையன். “பையன் நல்லவன்தான், ஆனா ஏன் அந்தக் கார்?” என்று அன்றைக்கு விழுந்த புள்ளி நாலு வருஷமாக அழியவில்லை.

இந்தத் தடவை மோப்பக்காரரும் மனைவியுமாக மகள் வீட்டுக்குப் பத்து நாள் தங்க வந்தார்கள். ரயிலடிக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். பெரிய பெட்டியைப் போர்ட்டர் வந்து தூக்கும் வரை காத்திருந்தார். தான் ஒரு கையால் சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் பெட்டியை மகள்தான் உள்ளே இழுத்துப் போனாள். வாத்தியாருக்கு உடம்பு வணங்காதோ என்று மோப்பக்காரர் மனதில் குறித்துக்கொண்டார். வண்டியின் பின்பக்க பம்பரில் ஒரு புதுக் கீறல். கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார். இரண்டரை அங்குலம். நோட்டில் ஏறியது.

மறுநாள் மகள் தன் வேலைக்கு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட விடுமுறை, வீட்டில் இருந்தார். ஆனால் கீழே வண்டி இல்லை.

“வண்டி எங்க மாப்பிள்ளை?”

“எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் கேட்டாங்க மாமா. சாயங்காலம் வந்துடும்.”

டீச்சர். கேட்டாங்க. மோப்பக்காரரின் மூக்கு விடைத்தது. சாயங்காலம் மகள் வந்தாள், வண்டியும் வந்திருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் மாப்பிள்ளை அவரை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போகக் கதவைத் திறந்து உட்கார்ந்தபோது, முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டை ஒரு சாண் பின்னால் தள்ளினார். பின்னால் பார்க்கிற கண்ணாடியை மேலே நிமிர்த்தினார். ஆக, நேற்று ஓட்டியது ஒரு குள்ளமான பெண். இரவல் வாங்கிய வண்டியில் சீட்டைப் பழையபடி வைக்காமல் போகிறவள் இரவல் வாங்கியவள் அல்ல, உரிமை உள்ளவள்.

கண்ணாடிக் கடை வாசலில் மூக்குக்கண்ணாடிக் கூடு கை நழுவி சீட்டுக்கு அடியில் விழுந்தது. குனிந்தார். துணிச்சீட்டில் தேதி. வண்டிக்கு வயது நாலு. அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் பெல்ட்டுக்கு வயது ஒன்று.

“பெல்ட் புதுசு போல?” என்றார், வானிலை கேட்பது போல.

மாப்பிள்ளை அரை நொடி தாமதித்தார். அந்த அரை நொடியில்தான் மோப்பக்காரர் முப்பது வருஷம் பிழைப்பு நடத்தியிருக்கிறார். “ஆமா மாமா. ரீகால். கம்பெனிக்காரனே லெட்டர் போட்டு மாத்திக் குடுத்தான்.”

இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்து பெல்ட்டையும் பார்த்துக்கொண்டார். அது வண்டியோடு பிறந்தது. கம்பெனிக்காரன் ஒரு பக்கத்து பெல்ட்டில் மட்டுமா தப்பு பண்ணுவான்? அன்று மத்தியானம், மறந்துவைத்த கண்ணாடிக் கூட்டை எடுக்கிற சாக்கில் சாவியை வாங்கிக்கொண்டு கீழே போனார். புது பெல்ட் பக்கத்துக் கதவு போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தது. அந்த ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் வேறு வருஷத்து முத்திரை. கதவே மாற்றியது. வேலை அத்தனை சுத்தம். சுத்தமாகச் செய்திருப்பதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது.

போன வருஷம் இதே மாதத்தில்தான் மகள், லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்கு வராமல் போனாள். இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. வண்டியை ஓட்டியவள் அந்தக் குள்ளப் பெண். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை. மோதியதில் தோள் போனதால்தான் பெட்டி தூக்கவில்லை, திமிரினால் அல்ல. அடிபட்டதை வீட்டில் மறைத்திருக்கிறார்கள். மகளுக்கு எதுவும் தெரியாது. இப்படி ஒருவனுக்கா என் பெண்ணைக் கொடுத்தேன்? அவளைக் கையோடு ஊருக்கு அழைத்துப்போய்விடுவது என்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே தீர்மானித்தார்.

ஆனாலும் தொழில்காரர். ஊகத்தை வைத்துக்கொண்டு பேசமாட்டார். அடுத்த நாள் பஸ் பிடித்து, கொரியாக்காரனின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். ஜென்மத்தில் அந்த வாசலை மிதித்ததில்லை. மேஜையில் இருந்த பெண்ணிடம், முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து எழுதி வந்த சேசிஸ் நம்பரைக் கொடுத்தார்.

“இந்த வண்டிக்கு சீட் பெல்ட் ரீகால் வந்துச்சாம்மா?”

அவள் தட்டிப் பார்த்தாள். “இல்ல சார். பெல்ட் ரீகால் வேற மாடலுக்கு. இது ஆக்சிடென்ட் வேலை. போன வருஷம் கதவு, கண்ணாடி, பெல்ட் மாத்தியிருக்கு.”

“எடுத்துட்டு வந்தது யாரு? உயரமா ஒரு வாத்தியாரா?”

“ஒரு மேடம்தான் சார் விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்கதான் கையெழுத்து போட்டிருக்காங்க.”

பெயர் அவள் எதிரே திரையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் ஆளைக் கேட்கிற வழக்கம் அவருக்கு ஏது? வண்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்தார்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மோப்பக்காரர் தன் டம்ளரைத் தொடவில்லை. நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

“மாப்பிள்ளை, அந்தப் பெல்ட்டு ரீகால் இல்ல.”

மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது.

“கதவு மாத்தியிருக்கு. கண்ணாடி மாத்தியிருக்கு. உங்க தோள்ல அடி பட்டிருக்கு. வண்டியை ஓட்டினது நீங்க இல்ல, ஒரு பொம்பளை. பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்க. பட்டறையில விட்டதும் அவதான். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“இல்லைன்னு சொல்லல மாமா.”

“அப்ப சொல்லுங்க. யாரு அந்தப் பொம்பளை? என் பொண்ணு முன்னாடியே சொல்லுங்க.”

மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டை மட்டும் பார்த்தார். “தப்பு என்னோடதுதான் மாமா. என்னை என்ன வேணா சொல்லிக்கோங்க” என்றார். அந்தப் பதில் மோப்பக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவன் இன்னும் பெரிதாக எதையோ மறைக்கிறான்.

“கெளம்பும்மா” என்றார் மகளிடம். “பெட்டியை எடு. நம்ம வீட்டுக்குப் போலாம்.”

மகள் எழுந்திருக்கவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். “நான்தான்பா” என்றாள்.

“நீ என்ன?”

“அந்தப் பொம்பளை.”

மோப்பக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற வேண்டிய காபி எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

“உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே!”

“உங்களுக்குத்தான் தெரியாது. கல்யாணம் ஆன ஆறாவது மாசம் இவர் சொல்லிக் குடுத்தார். தினமும் லேபுக்கு அதுலதான் போறேன். நீங்க வந்திருக்கீங்கன்னுதான் இந்த டீச்சர் கதையெல்லாம். இரவல் குடுத்திருக்கோம்னு சொல்லச் சொன்னேன், இவருக்கு ஒழுங்கா ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல.”

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு அவளுடையதுதான். சிக்னல் மாறியதைக் கவனிக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டாள். குறுக்கே வந்த வேன் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மோதியது. கதவு உள்ளே மடங்கியது. பெல்ட் பிடித்து நிறுத்தியதால் ஆள் பிழைத்தார், காறை எலும்பு உடைந்தது. இன்னும் உள்ளே தகடு இருக்கிறது. கட்டுப் பிரித்த மறுவாரமே அவர் அவளை மறுபடியும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து, தான் அதே பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். இல்லாவிட்டால் பயம் போகாது என்று.

“அம்மாதான் வந்து பத்து நாள் சமைச்சுப் போட்டாங்க” என்றாள்.

“போன வருஷம் உன் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு…” என்று மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இங்கதான் இருந்தேன்” என்றாள் அவள். முப்பத்திநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மோந்து பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

“எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.” குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. “பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிப்பா சொல்றது?” மகளுக்குக் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. “தானா வந்து தப்பை ஒத்துக்கிறவன் அதைவிடப் பெருசா எதையோ மறைக்கிறான்னு இந்த மாதிரி ஒரு மேஜையில உக்காந்துதானே சொல்வீங்க? அந்தக் கொரியாக்காரனையே அப்படிச் சொன்னவர் என்னை விடுவீங்களா? டார்ச் ஒடஞ்சதுக்கே பதினோரு நாளு. இது இவர் எலும்பு. எத்தனை நாளு கேட்டிருப்பீங்க?”

மோப்பக்காரர் நோட்டைப் பார்த்தார். வண்டி சொன்னது அத்தனையும் உண்மைதான். சீட் உண்மை, பெல்ட் உண்மை, தோள் உண்மை, பெண் உண்மை. அந்த சீட்டில் தன் மகளை வைத்துப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளையோ, மாமனாரிடம் சொல்வதில்லை என்று மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக, இல்லாத ஒருத்தியோடு தன்னைச் சேர்த்துப் பேசியதைக்கூட வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

மிச்சம் இருந்த நாட்கள் எப்படியோ கழிந்தன. மன்னிப்புக் கேட்க அவருக்கு வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் காலையில் பெரிய பெட்டியைத் தானே தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். “நான் பிடிக்கிறேன் மாமா” என்று வந்த மாப்பிள்ளையை, “தோளைப் பாருங்க, தோளைப் பாருங்க” என்று அதட்டி விலக்கினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மாப்பிள்ளையும் மாமியாரும் பின்சீட்டில் ஏறினார்கள். சாவி மகளிடம் இருந்தது. மோப்பக்காரர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். எந்த வண்டியில் ஏறினாலும் மூன்று தடவை வெடுக்கென்று இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் மாட்டுவார். ஒருமுறை இழுத்தார். மகள் ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. அதோடு மாட்டிக்கொண்டார்.

அவள் சீட்டை முன்னால் நகர்த்தினாள், கண்ணாடியைத் தாழ்த்தினாள், இன்ஜினைப் போட்டாள். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, ஒண்ணு சொல்லணும். போன மாசம் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுல உரசிட்டேன். பின்னாடி பம்பர்ல ஒரு கீறல் இருக்கு. ரெண்டு இன்ச் இருக்கும்.”



இரண்டரை. நோட்டில் இருக்கிறது, சட்டைப் பையில்தான் இருக்கிறது. ‘சரி, வேற என்ன?’ என்பது நாக்கின் நுனிக்கு வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷமாக, அங்கே வந்த பிறகு அது வெளியே வராமல் இருந்ததில்லை. மகள் இன்னும் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஸ்டீயரிங்கில் வெளுத்திருந்தன.

“சரிம்மா” என்றார். “வண்டியை எடு.”